‘த நட்கிராக்கர் அண்ட் த ஃபோர் ரெல்ம்ஸ்’ (2018): இவ்வளவு அழகான படம் ஏன் மனசில் ஒட்டவே இல்லை?

மழைக்குருவி | டிசம்பர் 23, இரவு 10.15

அம்மாவை இழந்த பெண் கிளாரா. அம்மா விட்டுப்போன முட்டை வடிவப் பெட்டி அவள் கைக்கு வருகிறது. பூட்டியிருக்கிறது, சாவி இல்லை. ‘உனக்குத் தேவையானதெல்லாம் இதற்குள்ளே இருக்கிறது’ என்று அம்மா கைப்பட எழுதிய சீட்டு மட்டும் கூட இருக்கிறது. குழந்தைகள் படத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? அதற்கப்புறம் பனி தேசம், பூ தேசம், மிட்டாய் தேசம் என்று எந்த இடத்தில் நிறுத்தினாலும் சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் கடைசியில் அவள் அப்பாவோடு ஆடும்போது நெஞ்சு அசையவே இல்லை. ரீஷூட்டில் கெட்டுப்போனது என்று பலரும் சொல்கிறார்கள். அதுதான் காரணமா?

கத்தரிக்கோல் | டிசம்பர் 23, இரவு 11.40

ரீஷூட் மேல பழியைப் போட்டா மேட்டர் கையைவிட்டுப் போயிடும். லாஸ்ஸே ஹால்ஸ்ட்ரம் எடுத்த படம். அப்புறம் 32 நாள் ரீஷூட்டை ஜோ ஜான்ஸ்டன் பார்த்துக்கிட்டார். ரெண்டு பேர் பேரும் டைட்டில்ல இருக்கு. பெரிய பட்ஜெட் படத்துக்கு ரீஷூட் புதுசில்ல, பல படங்களுக்கு ஷெட்யூல்லயே அதுக்கு நாள் ஒதுக்கிடுவாங்க. பேட்ச் வொர்க் பண்ணி நல்லா வந்த படங்களும் நிறைய.

குறை எங்கன்னா, நேரக் கணக்கில. படம் 99 நிமிஷம். கடைசி டைட்டிலைக் கழிச்சா ஒன்றரை மணி நேரம்னு வெச்சுக்கோங்க. அதுக்குள்ள லண்டன் வீடு, விருந்து, நாலு தேசம், ஒரு பாலே நடனம், எலி ராஜா, துரோகம், சிறை, சண்டை, மறுபடி வீடு. ஒவ்வொரு புது செட்டுக்கும் ஒரு வைட் ஷாட் வேணும். அவ்வளவு வேலைப்பாடு செஞ்ச செட்டை கண்ணு சுத்திப் பார்த்து முடிக்க நாலஞ்சு செகண்டாவது ஆகும். அதுக்கு மேல கேமரா நகர்வு, அறிமுகம், உடுப்பு, தொப்பி. இந்த நேரத்தையெல்லாம் எங்கிருந்து எடுப்பாங்க? ரியாக்‌ஷன் ஷாட்லேருந்துதான். எடிட் டேபிள்ல முதல்ல அடிவாங்குறது முகம்.

மழைக்குருவி | டிசம்பர் 24, காலை 7.05

அப்படியென்றால் செட்டைக் குறைத்திருந்தால் படம் பிழைத்திருக்குமா? நாலு தேசத்துக்குப் பதில் இரண்டு தேசம்?

கத்தரிக்கோல் | டிசம்பர் 24, காலை 8.30

மூச்சு விட இடம் கிடைச்சிருக்கும், அவ்வளவுதான். ஒரு சோதனை சொல்றேன், செஞ்சு பாருங்க. கிளாரா முதல் தடவை முட்டையைத் திறக்கிற காட்சிக்குப் போங்க. சாவிக்காக எவ்வளவு தூரம் அலைஞ்சிருக்கா. திறந்தா வெறும் இசைப்பெட்டி. அவ ஏமாந்து போறா. பெட்டி திறந்ததுலேருந்து அடுத்தவர் வசனம் பேச ஆரம்பிக்கிற வரைக்கும் ஸ்டாப் வாட்ச்ல எண்ணுங்க. அதே மாதிரி மிட்டாய் தேசத்துக்குள்ள நுழையறதையும் எண்ணுங்க. ரெண்டையும் பக்கத்துல எழுதி வெச்சுப் பார்த்தா, டைரக்டர் எதுக்குச் செலவழிச்சார்னு தெரிஞ்சுடும்.

ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம். நடிகை அழுகையை அடக்குற இடத்துல 48 ஃப்ரேம் கூடுதலா விட்டுப் பாருங்க, தியேட்டர்ல இருமல் சத்தம் நின்னுடும். ரெண்டே ரெண்டு செகண்ட். அதைக் கொடுக்க மனசு வரல இவங்களுக்கு.

புத்தகப்பூச்சி | டிசம்பர் 24, மதியம் 1.20

நேரக் கணக்கு சரிதான். ஆனால் அது இரண்டாவது காரணம். முதல் காரணம் மூலக்கதையை வைத்துப் பார்த்தால் புரியும்.

இ. டி. ஏ. ஹாஃப்மன் 1816-இல் எழுதிய கதையில் பெண்ணின் பெயர் மேரி, வயது ஏழு. கிளாரா என்பது அங்கே அவளுடைய பொம்மையின் பெயர். அண்ணன் ஃபிரிட்ஸ் ஆகப் பெரிய கொட்டையாகப் பார்த்து வைத்து அழுத்த, கொட்டை உடைக்கும் மரப்பொம்மையான நட்கிராக்கரின் வாயிலிருந்து மூன்று பற்கள் உதிர்ந்துவிடுகின்றன. மேரி தன் உடுப்பிலிருந்த ரிப்பனை எடுத்து அதன் தாடையைக் கட்டுகிறாள். இரவில் ஏழு தலை எலி ராஜா வருகிறான். செருப்பைக் கழற்றி எறிகிறாள். அந்தக் களேபரத்தில் அலமாரிக் கண்ணாடி உடைந்து கையைக் கிழித்துவிடுகிறது, படுத்த படுக்கையாகிறாள்.

இதற்கப்புறம் வருவதுதான் கதையின் உயிர். எலி ராஜா ராத்திரி ராத்திரி வந்து மிரட்டுகிறான்: ‘உன் மிட்டாயைக் கொடு, இல்லாவிட்டால் நட்கிராக்கரைக் கடித்துக் குதறிவிடுவேன்.’ மேரி மிட்டாயை எல்லாம் கொண்டுபோய் வைக்கிறாள். மறுநாள் சர்க்கரைப் பொம்மைகள் வேண்டும் என்கிறான். அவை அவள் ஆசை ஆசையாகச் சேர்த்தவை, ஒவ்வொன்றையும் பிரிய மனசில்லை. அதையும் கொடுக்கிறாள். அடுத்து படப்புத்தகங்களும் கிறிஸ்துமஸ் கவுனும் கேட்கிறான். ஏழு வயதுக் குழந்தைக்கு அவ்வளவுதான் சொத்து. ஒவ்வொன்றாகக் கரைவதைப் பார்க்கும்போதுதான் அந்த மரப்பொம்மை அவளுக்கு எவ்வளவு பெரிது என்று நமக்கு உறைக்கிறது.

படத்தின் கிளாரா எதைக் கொடுத்தாள்? படம் முடியும்போது முட்டை கையில் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, தம்பி, அக்கா, அப்பா எல்லாரும் இருக்கிறார்கள். போன வழியே வீடு திரும்புகிறாள். விலை கொடுக்காமல் வாங்கிய சந்தோஷம் பார்ப்பவருக்கு எப்படி ஒட்டும்?

கத்தரிக்கோல் | டிசம்பர் 24, மதியம் 2.10

இதை ஒத்துக்கறேன். காலையில நான் எழுதினது நோயோட அறிகுறி, நீங்க சொன்னது நோய். இழப்பே இல்லாத முகத்துல 48 ஃப்ரேம் கூடுதலா நின்னா காட்சி வெறுமனே இழுக்கும்.

மழைக்குருவி | டிசம்பர் 24, மாலை 6.45

அம்மாவை இழந்ததே இழப்பில்லையா?

புத்தகப்பூச்சி | டிசம்பர் 24, இரவு 9.00

அது கதை தொடங்குவதற்கு முன்னால் நடந்து முடிந்த இழப்பு. நாம் அந்த அம்மாவைப் பார்த்துப் பழகவில்லை. அவள் சொல்லாகத்தான் நமக்கு வருகிறாள்: ‘உன் அம்மா மாதிரியே கெட்டிக்காரி’, ‘உன் அம்மா எங்கள் ராணி’. அவள் எப்படிச் சிரிப்பாள், கோபம் வந்தால் என்ன செய்வாள், முட்டையைப் பூட்டும்போது என்ன நினைத்தாள்? ஒன்றும் தெரியாது. குழந்தைக்கு அம்மா என்றால் ஒரு சின்னப் பழக்கம்தான். ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போடுவது, ஊசியில் நூலைக் கோக்கும்போது நாக்கைக் கடிப்பது. அப்படி ஒன்றை முதல் ஐந்து நிமிடத்தில் கொடுத்திருந்தால் போதும், பிறகு யாராவது அதையே செய்யும்போது தானாகக் கண் கலங்கும்.

தந்தி | டிசம்பர் 25, காலை 10.30

இசைப் பக்கம் யாரும் போகவில்லையே. இதே கதைக்கு ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி இசையமைத்த பாலே 1892 டிசம்பர் 18-ஆம் தேதி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாரீன்ஸ்கி அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அன்றைக்கே இதே குறையைத்தான் சொன்னார்கள்: பாதி மேடை குழந்தைகள், இரண்டாம் பகுதியில் கதையே இல்லை, மிட்டாய் தேசத்தில் வரிசையாக நடனம்தான். ஆக அந்தப் பாலேவுக்கும் இதே வியாதி உண்டு. ஆனாலும் அது நின்றுவிட்டது. காரணம், கதையில் இல்லாத துயரத்தை அவர் இசையில் வைத்துவிட்டார்.

இரண்டாம் பகுதியின் பெரிய ஜோடி நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லோக்கள் வாசிக்கும் மெட்டு. ஹார்ப் பின்னால் அலையடிக்க, அந்த மெட்டு செய்வது ஒன்றே ஒன்று: மேல் ஸட்ஜத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. ஸ நி த ப ம க ரி ஸ. நம் காதுக்கு அது சங்கராபரண ராகத்தின் அவரோகணம், வெறும் இறங்குவரிசை. அதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் நெஞ்சை அறுக்கிறார். முதல் பகுதியில் கிறிஸ்துமஸ் மரம் வளரும்போது இசை மேலே மேலே ஏறும். இங்கே இறங்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு வாழ்க்கையைக் கேட்ட மாதிரி இருக்கும்.

அதை எழுதும்போது தங்கை சாஷாவின் மரணம் அவரைத் தாக்கியிருந்தது. அந்த மெட்டு அவளுக்கான இரங்கல்.

தந்தி | டிசம்பர் 25, மதியம் 12.15

மேலே எழுதியதில் கடைசி வரியைத் திருத்துகிறேன். தங்கை 1891-இல் இறந்தது உண்மை, அப்போது அவர் கையில் இந்தப் பாலே இருந்ததும் உண்மை. மெட்டு அவளுக்காக எழுதியது என்பது ஆய்வாளர்கள் சிலரின் ஊகம். நான் அதை நம்புகிறேன், ஆனால் நம்பிக்கையை உண்மை மாதிரி எழுதியிருக்கக் கூடாது.

கத்தரிக்கோல் | டிசம்பர் 25, மதியம் 3.50

படத்துக்குப் பின்னணி இசை, அதாவது ஆர்.ஆர்., ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட். டூடமெல் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, லாங் லாங் பியானோ வாசிச்சிருக்கார். ஆளுங்க எல்லாம் மலை. ஆனா சாய்கோவ்ஸ்கி மெட்டை எங்கெங்க வெச்சிருக்காங்கன்னு பாருங்க: இடம் மாறும்போது, பிரமிப்புக் காட்டும்போது. ‘இது நட்கிராக்கர்தான்’னு அடையாளம் காட்ட மெட்டு வருது. ஒரு ஆளோட மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்ல வரல. செட்டுக்குச் செஞ்சதையே பாட்டுக்கும் செஞ்சிருக்காங்க.

தந்தி | டிசம்பர் 25, இரவு 8.20

சரியான வார்த்தை, அடையாளம். பாலேயில் சுகர் பிளம் தேவதை ஆடும் நடனத்தை மட்டும் ஒழுங்காகக் கேட்டிருந்தால், படத்தில் அதே பெயரில் வரும் வில்லி பாதி எழுதப்பட்டே கிடைத்திருப்பாள். மேலே செலஸ்டா. உருக்குத் தகடுகளைப் பஞ்சு சுற்றிய சுத்தியல் தட்டும் வாத்தியம், கண்ணாடி மணி மாதிரி ஒலிக்கும். 1891-இல் பாரிஸில் அதைக் கேட்டுச் சொக்கிப்போன சாய்கோவ்ஸ்கி, மற்ற ரஷ்ய இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவ் காதுக்கும் கிளாசுனோவ் காதுக்கும் எட்டிவிடக் கூடாது என்று பதிப்பாளருக்கு எழுதினார். எல்லாருக்கும் அந்தச் செலஸ்டாதான் நினைவிருக்கும். ஆனால் செலஸ்டா ஒரு வரி சொன்னதும் அடியிலிருந்து பாஸ் கிளாரினெட் ஒரு பதில் சொல்கிறது, இருட்டுக் கிணற்றுக்குள் வழுக்கிவிழுவது போல. தித்திப்புக்கு அடியில் இருக்கும் கசப்பு அது. சுகர் பிளம் துரோகி என்று படம் கடைசி அரைமணியில்தான் வெளிச்சம் போடுகிறது. அவள் வரும்போதெல்லாம் அந்தப் பாஸ் கிளாரினெட் ஒரே ஒரு தரம் எட்டிப்பார்த்திருந்தால், திருப்பம் வரும்போது ‘அடடா, முதலிலிருந்தே இருந்ததே’ என்று தோன்றியிருக்கும்.

மழைக்குருவி | டிசம்பர் 26, காலை 6.50

சுகர் பிளம் பற்றிச் சொன்னதும் இரவெல்லாம் அதே யோசனை. அவள் ஏன் துரோகியானாள்? கிளாராவின் அம்மா, பொம்மைகளை உயிராக்கும் இயந்திரத்தால் அவளுக்கு உயிர் கொடுத்தாள், பிறகு நான்கு தேசங்களையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். ‘எங்களை விட்டுப்போனாள்’ என்ற கோபம். அப்படியென்றால் அதே அம்மாவை இழந்த இன்னொரு பெண் அவள்தானே?

புத்தகப்பூச்சி | டிசம்பர் 26, காலை 9.10

இந்த இழையின் முக்கியமான வரி இது. நான் முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். படத்தில் இழப்பு இருக்கிறது, கொட்டிக் கிடக்கிறது. அது போய்ச் சேர்ந்த இடம் வில்லி. எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரும் ஒரே தாய்க்கு ஏங்குபவர்கள். ஒருத்தி கையில் முட்டை இருக்கிறது, இன்னொருத்திக்கு ஒரு சீட்டுக்கூட வரவில்லை. இந்த இரண்டு பேரும் மூன்று நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும். படம் என்ன செய்கிறது? கிளாரா அந்த இயந்திரத்தை அவள் பக்கமே திருப்பிவிடுகிறாள், சுகர் பிளம் உயிரற்ற பொம்மையாகிறாள், காட்சி மாறுகிறது. கிளாராவின் கண்ணில் ஒரு கணம் வருத்தம்? யாராவது அந்தப் பொம்மையைக் கையில் எடுத்தார்களா? அம்மா ஆசையாக உயிர் கொடுத்த பொம்மை அது!

சுகர் பிளம்மாக வரும் கெய்ரா நைட்லியின் நடிப்பில் அந்த ஏக்கம் அங்கங்கே தெரிகிறது. திரைக்கதைதான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கத்தரிக்கோல் | டிசம்பர் 26, மதியம் 12.40

முட்டைக்குள்ள இருந்த கண்ணாடி விஷயத்தையும் பேசிடலாம். சிறையில கிளாரா பெட்டியை மறுபடி திறக்கறா, உள்ள ஒரு கண்ணாடி, அதுல அவ முகம். ‘உனக்குத் தேவையானது நீயேதான்’னு அர்த்தம். சொல்றது நல்ல விஷயம்தான். திரைக்கதைக் கணக்குல தப்பு. அவ முன்னாடியே கெட்டிக்காரி. படத்தோட ஆரம்பத்திலயே எலிப்பொறி செஞ்சு தம்பிக்கு நியூட்டனோட மூணாம் விதியைச் சொல்லிக் கொடுக்கறா. அவளுக்குத் தன் மேல நம்பிக்கை இல்லைன்னு எந்தக் காட்சியிலயும் காட்டல. இல்லாத வியாதிக்கு மருந்து கொடுத்திருக்காங்க.

அவளுக்கு இருக்கிற நிஜக் குறை வேற. விருந்துல அப்பா கூட ஆட மறுக்கறா. அம்மா போன துக்கத்தை மறைச்சுக்கிட்டு ஊர் முன்னாடி நிக்கிற அப்பாவை அவளால மன்னிக்க முடியல. நல்லா விதைச்சிருக்காங்க. ஆனா அந்த விதைக்கு நடுப்படம் முழுக்கத் தண்ணியே ஊத்தல. நாலு தேசத்துல ஒரு எடத்துலயாவது அவ அப்பாவை நினைச்சாளா? கடைசி நடனம் ஒட்டாததுக்கு அதுதான் காரணம். விதைச்சதுக்கும் அறுத்ததுக்கும் நடுவுல பயிரே இல்ல.

ஊசல் | டிசம்பர் 26, இரவு 9.30

முட்டைக்குள் இருப்பது இசைப்பெட்டி என்பதால் எழுதுகிறேன். கடிகாரம், இசைப்பெட்டி பழுதுபார்க்கிறவர்கள் கண்ணுக்கு, படம் கையில் இருந்ததைக் கோட்டைவிட்டுவிட்டது.

சின்ன இசைப்பெட்டிக்குள் நாலே உறுப்புதான்: சாவி கொடுக்கும் சுருள்வில், முள் பதித்த உருளை, உருக்குச் சீப்பு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் குட்டி விசிறி. உருளை சுற்றும்போது முள் சீப்பின் பல்லை மீட்டிவிடும், ஒரு பல்லுக்கு ஒரு ஸ்வரம். சாதாரணப் பெட்டியில் 18 பல் இருக்கும். கீழ் ஸ்வரங்களுக்குப் பல் நீளம். விசிறிதான் மொத்தத்துக்கும் காவல். வில் முழுக்கச் சுற்றியிருக்கும்போது விசிறி கழன்றால் உருளை தறிகெட்டுச் சுற்றும். ஒரு மூச்சு விடுவதற்குள் முட்கள் வளைந்து பற்கள் ஒடிந்துவிடும். பழுதுக்கு வரும் பெட்டிகளில் மோசமானது இதுதான். ஒடிந்த பல்லுக்குப் புதுப் பல் வெட்டி வைத்து, பற்றவைத்து, அதே சுருதிக்கு அராவ வேண்டும். அப்படிச் செய்தாலும் பழைய நாதம் அப்படியே வராது.

புத்தகப்பூச்சி | டிசம்பர் 27, காலை 7.30

ஊசல் எழுதியதைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. அந்த இயந்திரத்தை நிறுத்தும் வழி இதுவாக இருந்திருக்கலாமே! முட்டைக்கும் இயந்திரத்துக்கும் ஒரே சாவி. கிளாராவுக்குப் பொறியியல் தெரியும். பெட்டியின் வில்லை முழுக்க முறுக்கி, விசிறியைத் தானே பிடுங்கி, தறிகெட்டுச் சுற்றும் உருளையை இயந்திரத்தின் பல்சக்கரத்தில் சொருக வேண்டும். இயந்திரம் நிற்கும். அம்மாவின் பாட்டு உடையும். உடையும் என்று தெரிந்தே செய்வாள். மேரி சர்க்கரைப் பொம்மைகளைக் கொண்டுபோய் வைத்தது இதுதான்.

மழைக்குருவி | டிசம்பர் 27, காலை 8.15

பாட்டு உடைந்துபோனால் கடைசியில் அப்பாவும் மகளும் எதற்கு ஆடுவார்கள்? அவரும் அம்மாவும் முதன்முதலில் ஆடிய பாட்டு என்று அப்பா சொல்வதே அந்தப் பெட்டியைக் கேட்டுத்தானே.

கத்தரிக்கோல் | டிசம்பர் 27, காலை 11.00

நல்ல கேள்வி. இதுக்கு விடை கிடைக்கலன்னா க்ளைமாக்ஸ் கிடையாது. மொத்தமும் உடையக் கூடாது. கொஞ்சம் பல் மட்டும் போகட்டும்.

ஊசல் | டிசம்பர் 27, மதியம் 1.45

அப்படி நடப்பது சகஜம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று பல் மட்டும் ஒடியும். விசிறியைத் திரும்ப மாட்டினால் பெட்டி ஓடும். ஒடிந்த ஸ்வரம் வரவேண்டிய நேரத்தில் உருளையின் உறுமல் மட்டும் கேட்கும்.

தந்தி | டிசம்பர் 27, மாலை 5.20

பெட்டிக்கு அந்த ஜோடி நடன மெட்டையே கொடுத்துவிடுங்கள். முதல் வரிக்கு எட்டு பல் போதும். மூன்று பல் ஒடியட்டும், ஹாஃப்மன் கதையில் நட்கிராக்கருக்கு உதிர்ந்த அதே மூன்று. ஒடிய வேண்டியவை கடைசி மூன்று, க ரி ஸ. மெட்டு இறங்கி வந்து வீடு சேரும் படிகள் அவைதான். பெட்டி ஸ நி த ப ம என்று வந்து அங்கேயே அறுந்துவிட வேண்டும். மத்தியமத்தில் நிறுத்தினால் காது தவிக்கும், சங்கீதம் தெரியாதவருக்கும் தவிக்கும்.

கத்தரிக்கோல் | டிசம்பர் 27, இரவு 10.55

எடுத்துடலாம். விருந்து முடிஞ்ச ஹால், பாதி மெழுகுவத்தி அணைஞ்சிருக்கு. கிளாரா பெட்டியைத் திறக்கறா. அஞ்சு ஸ்வரம், அப்புறம் உருளை உறுமல் மட்டும். அவ முகத்துக்குப் போகக் கூடாது. அப்பா முதுகுல இருக்கணும் கேமரா. அவர் அந்த மெட்டை அடையாளம் கண்டுக்கறது தோள்ல தெரியணும். முழுசா மூணு செகண்ட், 72 ஃப்ரேம். ஆர்.ஆர். எதுவும் வேணாம். முதல் தடவை அவர் வாய் திறக்க மாட்டார். உருளை இன்னொரு சுத்து வரும், மறுபடி ஸ நி த ப ம. இந்தத் தடவை திரும்பாமலே, தொண்டை கட்டின குரல்ல அவரே முடிக்கணும்: க ரி ஸ. அந்தக் குரலை டப்பிங் தியேட்டர்ல எடுக்கக் கூடாது. செட்டுல, அந்த எடத்துலயே, லைவா எடுக்கணும். சுருதி கொஞ்சம் விலகினா விலகட்டும்.